மேற்கில் பெல்லி டான்ஸ்: யார் விற்றார்கள், எதை விற்றார்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். லண்டனில் உங்களுடன் வேலை பார்க்கும் பெண் ஒருவர் வாரந்தோறும் பெல்லி டான்ஸ் வகுப்புக்குப் போகிறார். அது பெண் தெய்வ வழிபாட்டிலிருந்து வந்த, பெண்களுக்கே உரிய பழங்கலை என்று சொல்கிறார். அதே ஊரில் லெபனான் நாட்டு உணவகம் ஒன்றில், மேசைகளுக்கு நடுவே ஆடிய பெண்ணின் இடுப்புப் பட்டையில் வாடிக்கையாளர்கள் பணத்தாள் செருகியதையும் பார்த்திருக்கிறீர்கள். மேற்கத்தியர் இதைக் கலையாகப் பார்க்கிறார்களா, கவர்ச்சியாகப் பார்க்கிறார்களா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. ஒரே ஆட்டத்தை இப்படி இரண்டு விதமாக எப்படி முன்வைக்க முடிகிறது என்பதுதான் அதன் உள்ளே இருக்கும் கேள்வி என்று நினைக்கிறேன். நான் நடன வரலாறு படித்தவள்; எகிப்திய பாணியைப் பல ஆண்டுகள் பயின்று, இப்போது பிரிட்டனில் கற்பித்தும் வருகிறேன். துருக்கிய பாணியில் எனக்கு முறையான பயிற்சி கிடையாது. ஆகவே எகிப்தையும் அமெரிக்காவையும் ஒட்டியே என் பதில் அமையும். தெய்வக் கலை, கவர்ச்சி ஆட்டம் என்ற இரண்டு சித்திரங்களுமே விற்பனைக்காக மேற்கில் வரையப்பட்டவை என்பது என் முடிவு. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் ஐயமில்லாத செய்திகள். எகிப்தில் பெண்களும் ஆண்களும் குழந்தைகளும் திருமண வீட்டில் சாதாரணமாக ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு, பலதி என்பார்கள். அதன் அசைவுகளை அடிப்படையாகக் கொண்டு, தொழில்முறைக் கலைஞர் மேடையில் தனியாக ஆடுவது ரக்ஸ் ஷர்கி; மேற்கில் பெல்லி டான்ஸ் என்று அழைப்பது இதைத்தான். இந்த மேடை வடிவம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கெய்ரோவின் கேளிக்கை அரங்குகளில் உருப்பெற்றது. அதற்கு முன்பும் தொழில்முறை ஆடற்பெண்கள் இருந்தார்கள். 1834-இல் எகிப்தின் ஆளுநர் முகமது அலி, இந்தப் பெண்கள் கெய்ரோவில் பொதுவெளியில் ஆடுவதைத் தடை செய்து, அவர்களைத் தென் எகிப்தின் எஸ்னா, கெனா, அஸ்வான் போன்ற ஊர்களுக்கு அனுப்பினார். தலைநகரின் ஆதரவை இழந்த அந்தப் பெண்களில் பலர் பாலியல் தொழிலையும் சேர்த்தே பிழைக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியப் பயணிகள் நைல் வழியே படகில் சென்று சந்தித்தது இந்தப் பெண்களைத்தான். பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் 1850-இல் குச்சுக் ஹானெம் என்ற ஆடற்பெண்ணைச் சந்தித்ததும் எஸ்னாவில்தான். நாடு கடத்தப்பட்டதைப் போல ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் பிழைப்பை, அந்த நடனத்தின் இயல்பாகவே பயண நூல்கள் எழுதின. மேற்கின் கற்பனைக்கு முதல் முதலீடு அங்கிருந்து வந்தது. (கீழைத்தேய ஆடற்பெண் என்றாலே ஒரு மயக்கம் என்பது எகிப்தோடு நிற்கவில்லை. 1838-இல் கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் சிலரைப் பாரிசுக்கும் லண்டனுக்கும் அழைத்துப் போய் மேடையேற்றியதும் இதே மயக்கத்தை நம்பித்தான்.)

அமெரிக்கப் பொதுமக்கள் இந்த ஆட்டத்தைப் பெரிய அளவில் முதன்முதலாகப் பார்த்தது 1893-இல், சிகாகோ உலகக் கண்காட்சியில். கண்காட்சியின் கம்பீரமான பகுதி வெண்ணிறக் கட்டடங்களால் ஆனது. அதற்கு வெளியே ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்கு மிட்வே பிளெய்ஸன்ஸ் என்ற கேளிக்கை வீதி இருந்தது; முதல் ஃபெர்ரிஸ் ராட்டினம் சுழன்றதும் அங்கேதான். அந்த வீதியின் பொறுப்பாளர் சால் புளூம் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். 1889 பாரிஸ் கண்காட்சியில் அல்ஜீரிய கிராமம் என்ற காட்சியைப் பார்த்து, அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவரும் உரிமையை வாங்கியவர். பிற்காலத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினராகவும் ஆனவர். மிட்வேயில் அல்ஜீரிய கிராமத்தைத் தவிர, கெய்ரோ தெரு என்ற பெயரில் ஒட்டகம், கடைவீதி, நடன அரங்கு எல்லாம் கொண்ட தனிக் காட்சியும் இருந்தது. ஒழுக்கக் காவலராகப் பெயர் பெற்ற ஆண்டனி காம்ஸ்டாக் நேரில் வந்து பார்த்துவிட்டு, நடன அரங்குகளை மூட வேண்டும் என்று வற்புறுத்தினார். அதைவிடச் சிறந்த விளம்பரத்தைப் புளூமே காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

அந்தக் கண்காட்சியின் புகைப்படங்களை இன்று எடுத்துப் பார்ப்பவர்கள் சற்று ஏமாந்து போவார்கள். நடனப் பெண்கள் கணுக்கால் வரை பாவாடையும், சட்டையும், அதன்மேல் சிறிய கையில்லா மேலங்கியும் அணிந்திருக்கிறார்கள். வயிறு மூடியே இருக்கிறது. பார்க்க வந்த அமெரிக்கப் பெண்களோ விலா எலும்பை இறுக்கும் கோர்செட் அணிந்து, உடலின் நடுப்பகுதி அசையாமல் நடக்கப் பழகியவர்கள். இடுப்பும் வயிறும் தனித்தனியே அசையக்கூடியவை என்பதைப் பொது இடத்தில் காண்பதே அவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஆடையைக் குறைத்த வேலை பிற்பாடு, மேற்கில் நடந்தது. ‘லிட்டில் ஈஜிப்ட்’ என்ற பெண் சிகாகோவில் ஆடி ஊரையே மயக்கினாள் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அந்தப் பெயரில் கண்காட்சியில் யாரும் ஆடியதற்கு அக்காலத்துச் சான்று கிடைக்கவில்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு. அந்தப் பெயர் பரவலாக அடிபட்டது 1896 டிசம்பரில், நியூயார்க் பணக்காரர்களின் விருந்து ஒன்றில் காவல்துறை சோதனை நடத்தியபோது. அங்கே ஆட அழைக்கப்பட்டிருந்த அஷியா வாபே அந்தப் பெயரில் ஆடியவர். அதே 1896-இல் எடிசன் நிறுவனம் பாத்திமா என்ற கலைஞரின் ஆட்டத்தைப் படம் பிடித்தது. அதன் ஒரு பிரதியில் மார்பும் இடுப்பும் தெரியாதபடி வெள்ளைக் கம்பி வேலி போன்ற கோடுகள் வரையப்பட்டன. திரைப்படத் தணிக்கையின் மிகப் பழைய உதாரணங்களில் அதுவும் ஒன்று. கார்ட்டூன்களில் கூடையிலிருந்து பாம்பு எழும்போது ஒலிக்குமே ஒரு மெட்டு, அதைத் தானே பியானோவில் தட்டிப் போட்டதாகப் புளூம் தன் வரலாற்றில் எழுதினார். அது முழுக்க உண்மையா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த மெட்டும், அதனோடு ஒட்டிக்கொண்ட ‘கூச்சி-கூச்சி’ ஆட்டமும் ஊர் ஊராகப் போன கேளிக்கைக் கூடாரங்களுக்குச் சென்று, ஆடை களையும் ஆட்டங்களோடு கலந்துவிட்டன என்பதில் ஐயமில்லை. உணவகத்தில் நீங்கள் கண்ட சங்கடத்தின் வேர் பெரும்பாலும் கெய்ரோவில் இல்லை, இந்தக் கூடாரங்களில் இருக்கிறது.

இதே காலத்தில் மேட்டுக்குடி அரங்குகளில் வேறொரு கதை நடந்தது. சலோமே என்ற விவிலியப் பாத்திரத்தை வைத்து எழுந்த மோகத்தில், கனடாவில் பிறந்த மாட் ஆலன் 1908-இல் லண்டன் பேலஸ் அரங்கில் மணிச்சரம் கோத்த மார்க்கச்சையோடும் மெல்லிய பாவாடையோடும் ஆடினார், கூட்டம் அலைமோதியது. சிகாகோவில் முழு ஆடையோடு ஆடிய அரபுப் பெண்ணை ஆபாசம் என்றவர்கள், லண்டனில் பாதி ஆடையோடு ஆடிய மேற்கத்தியப் பெண்ணைக் கலைஞர் என்று கொண்டாடினார்கள். ஆட்டம் எது என்பதைவிட, ஆடுபவர் யார், அரங்கு எது, நுழைவுச்சீட்டின் விலை என்ன என்பதே மதிப்பை முடிவு செய்தது. இன்றைக்கும் அது பெரிதாக மாறவில்லை என்றுதான் சொல்வேன்.

மணி வைத்த மார்க்கச்சையும் இடுப்புப் பட்டையுமாக இன்று நாம் காணும் உடை எங்கிருந்து வந்தது என்பது தீராத விவாதம். லெவான்ட் பகுதியில் (இன்றைய சிரியா, லெபனான் வட்டாரம்) பிறந்து கெய்ரோவில் 1926-இல் தன் கேளிக்கை அரங்கைத் திறந்த பதியா மசாப்னி, மேற்கத்திய மேடையின் சலோமே உடையையும் ஹாலிவுட்டையும் பார்த்துத் தன் கலைஞர்களுக்கு அப்படி உடுத்தினார் என்று பொதுவாகச் சொல்வார்கள். காலவரிசை அதற்கு இடம் தருகிறது. ஆனால் ஒருவர்மீது மட்டும் பொறுப்பைப் போட ஆதாரம் போதாது. உறுதியாகச் சொல்லக்கூடியது, மேற்கு தன் கற்பனையில் தைத்த உடை கெய்ரோவுக்குப் போய், அங்கே எகிப்திய உடையாகி, திரைப்படங்கள் வழியே மேற்குக்கே ‘அசல்’ என்ற முத்திரையோடு திரும்பியது என்பதுதான். பதியாவின் அரங்கிலிருந்து வந்த தாஹியா கரியோக்காவும் சாமியா கமாலும் எகிப்தியத் திரையுலகின் நட்சத்திரங்கள் ஆனார்கள். பாலஸ்தீன அறிஞர் எட்வர்ட் சயீத் 1990-இல் தாஹியாவைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை, ஆங்கிலம் படிக்கும் உலகம் இந்த நடனக் கலைஞர் ஒருவரைக் கலைஞராகவே மதித்து வாசித்த அரிதான தருணம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவைச் சுற்றி இரவு விடுதிகள் முளைத்தன. கிரேக்க, ஆர்மீனிய, துருக்கிய, அரபு இசைக்கலைஞர்கள் ஒரே மேடையில் வாசித்தார்கள். ஆடியவர்களில் பலர் அமெரிக்கப் பெண்கள். வேகமான நுழைவு, மெல்லிய துணியோடு மெதுவான பகுதி, தாளவாத்தியத் தனி, தரையில் ஆடும் பகுதி, ஒன்பது எண்ணிக்கைத் துருக்கியத் தாளத்தில் முடிவு என்று ஒரு வரிசை அங்கே நிலைபெற்றது. அந்த வரிசை எந்த ஒரு நாட்டுக்கும் சொந்தமல்ல, நியூயார்க்குக்குத்தான் சொந்தம். பிறகு அது விடுதியிலிருந்து வீட்டுக்குள் வந்தது. 1960-களின் இறுதியில் துருக்கிய நடனக் கலைஞர் ஓசெல் துர்க்பாஷ் பெயரில் வெளிவந்த இசைத்தட்டின் தலைப்பே கணவனை சுல்தானாக்குவது எப்படி என்பதுதான். சில ஆண்டுகளிலேயே, பெண்ணிய இயக்கம் எழுச்சி பெற்ற எழுபதுகளில், அதே அசைவுகள் பெண் தன் உடலைத் தனக்காகவே மீட்டுக்கொள்ளும் வழி என்று வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கப்பட்டன. கணவனுக்காக என்பது உனக்காக என்று மாறியது. சுற்றியிருந்த மெல்லிய துணியும் ஊதுபத்தியும் திண்டுகளும் அப்படியே இருந்தன.

உங்கள் தோழி சொல்லும் தெய்வக் கதை பரவலானதும் இந்தக் காலத்தில்தான். வரலாற்றுக்கு முந்தைய தாய்த்தெய்வ வழிபாட்டிலிருந்து இந்த நடனம் தொடர்ந்து வருகிறது என்பதற்குச் சான்று ஏதுமில்லை. பண்டைய எகிப்தியச் சுவரோவியங்களில் ஆடும் பெண்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. நின்ற நிலையில் வரைந்த ஓவியத்தைக் கொண்டு இடுப்பு எப்படி அசைந்தது என்று சொல்ல முடியாது. பிள்ளைப்பேற்றுச் சடங்கிலிருந்து வந்தது என்ற கூற்று அதைவிடச் சற்றுக் கவனத்துக்குரியது, ஏனென்றால் மொராக்கோவில் அப்படி ஒரு சடங்கைக் கண்டதாக நியூயார்க் நடனக் கலைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு பதிவை வைத்து ஒரு முழு மேடைக் கலையின் தோற்றத்தை நிறுவ முடியாது. இதைச் சொல்லும்போது தோழிமீது கோபப்படாதீர்கள். கேளிக்கைக் கூடாரத்தின் கறையிலிருந்து தப்ப, இந்தப் பெண்களுக்கு மரியாதையான ஒரு பூர்வகதை தேவைப்பட்டது. ஆனால் அதில் ஒரு நஷ்டமும் உண்டு: தெய்வம் முன்னுக்கு வந்தவுடன், இன்னும் உயிரோடு ஆடிக்கொண்டிருக்கும் எகிப்தியப் பெண் பின்னுக்குப் போய்விடுகிறாள்.

கலிஃபோர்னியாவின் கதை தனி. சர்க்கஸ் அனுபவமுள்ள ஜமீலா சலிம்பூர் 1968-இல் பால் அனத் என்ற குழுவைத் தொடங்கி, மறுமலர்ச்சிக்கால வேடமிட்டு நடக்கும் திறந்தவெளிச் சந்தையில் ஆடவைத்தார். வாள், பாம்பு, தலைமேல் தட்டு, பலவகைத் துணிகள் எல்லாம் சேர்ந்த அந்தக் காட்சி பாதி உண்மை, பாதி ஜோடனை என்பதை அவரே மறைக்கவில்லை. பார்த்தவர்கள்தான் அதைப் பாலைவனத்திலிருந்து நேரே வந்தது என்று நம்பினார்கள். அந்த மரபின் பேத்தி முறையில் வந்த கரோலினா நெரிச்சியோ 1987-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் ஃபேட்சான்ஸ்பெல்லிடான்ஸ் குழுவை அமைத்தார். தனியாக எனக்கு ஆடிக் காட்டுவாயா என்று கேட்கும் ஆண்களுக்கு ஆசைதான் என்று கேலியாகச் சொல்லும் பதிலே குழுவின் பெயர். பெண்கள் கூட்டமாக நின்று, ஒருவர் தரும் சைகையைப் பிடித்து மற்றவர்கள் அந்தக் கணத்திலேயே ஒன்றாக ஆடும் முறை இது. பார்வையாளரைக் கெஞ்சாத நிமிர்வு இதில் இருக்கிறது, நான் மதிக்கிறேன். உடையைப் பாருங்கள்: ராஜஸ்தான் பாணியில் பல கஜத் துணியில் சுழலும் பாவாடை, முதுகு திறந்த சோளி, ஆஃப்கன் நாடோடிகளின் வெள்ளி நகை, தலைப்பாகை. நம் துணைக்கண்டத்தின் பாதி அலமாரி அதில் இருக்கிறது, எகிப்து ஏறக்குறைய இல்லை. ‘அமெரிக்கன் டிரைபல் ஸ்டைல்’ என்று வழங்கிய இந்தப் பாணி, பழங்குடி என்ற பொருள்தரும் சொல்மீது எழுந்த விமர்சனங்களுக்கு நடுவே 2020-இல், குழுவின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி, எஃப்சிபிடி ஸ்டைல் என்று பெயர் மாறியது.

பெருநிறுவன விளம்பரம் இந்தத் துறைக்குள் வந்தது 2002 வாக்கில். தி போலீஸ் இசைக்குழுவை நிர்வகித்த மைல்ஸ் கோப்லாந்து பெல்லிடான்ஸ் சூப்பர்ஸ்டார்ஸ் என்ற குழுவை அமைத்து, ராக் இசை விழாக்களுக்கும் பெரிய அரங்குகளுக்கும் கொண்டுபோனார். தேர்வு, ஒப்பனை, குறுந்தகடு, டிவிடி எல்லாம் இசைத் தொழிலின் முறைப்படி நடந்தன. நடனத்தைப் பணம் கொடுத்து அரங்கில் உட்கார்ந்து பார்க்கவைத்தது அவருடைய சாதனை. மேடையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பெண்கள், கிட்டத்தட்ட ஒரே உயரம், ஒரே உடல்வாகு. எல்லா உடலுக்கும் ஏற்ற நடனம் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டே, சுவரொட்டியில் ஒரே மாதிரி உடலை ஒட்டும் வழக்கத்தை நானும் என் சக ஆசிரியர்களும் இன்றுவரை முழுதாகக் கைவிடவில்லை. பாப் பாடகி ஷகிராவின் புகழும், உடற்பயிற்சிக் கூடங்களின் கலோரிக் கணக்கும் வகுப்புகளுக்கு ஆட்களைக் கொண்டுவந்தன. அதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை.

2014-இல் அரபு அமெரிக்க எழுத்தாளர் ரந்தா ஜரார், வெள்ளையினப் பெண்கள் பெல்லி டான்ஸ் ஆடுவதைத் தன்னால் சகிக்க முடியவில்லை என்று எழுதியபோது பெரும் விவாதம் வெடித்தது. பிறந்த இனத்தைக் கொண்டு யார் ஆடலாம் என்று வரையறுப்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர் சுட்டிய கசப்பு நியாயமானது: அரபுப் பெயர் வைத்துக்கொண்டு, கண்ணுக்கு மை தீட்டி, வார இறுதியில் மட்டும் ‘கிழக்கத்தியப் பெண்’ ஆகிறவருக்கு, அந்த அடையாளத்தோடு விமான நிலையத்தில் நிற்கும் தொல்லை கிடையாது. எகிப்திலும் நிலைமை எளிதல்ல. திருமணத்தில் நடனக்காரி வேண்டும், மருமகளாக நடனக்காரி வேண்டாம் என்ற மனப்பான்மை அங்கே வலுவாக இருக்கிறது. உள்நாட்டுப் பெண்கள் தயங்கும் இடத்தில் வெளிநாட்டுக் கலைஞர்கள் நிறைந்தார்கள். 2003-இல் வெளிநாட்டவருக்கு நடன உரிமம் தருவதை அரசு நிறுத்தியது. மறு ஆண்டே தடை விலகியது. கெய்ரோவில் நடக்கும் நடன விழாக்களின் வருமானமும், கான் எல்-கலீலி கடைவீதியின் உடை வியாபாரமும் இன்று வெளிநாட்டு மாணவிகளைப் பெரிதும் சார்ந்திருக்கின்றன. ஆகவே மேற்கு எதை விரும்புகிறதோ அது கெய்ரோவின் மேடையையும் மெல்ல மாற்றுகிறது.

இத்தனை விற்பனைகளிலும் விடுபட்டுப்போனது இசை என்பதே இத்தனை ஆண்டுப் பயிற்சியில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று. கவர்ச்சியாக விற்றவர்களுக்கும், தெய்வமாக விற்றவர்களுக்கும், உடற்பயிற்சியாக விற்றவர்களுக்கும் அது தேவைப்படவில்லை. எகிப்திய பாணியில் ஆடுபவர் இசைக்குழுவைத் தன் உடலால் கேட்க வைக்கிறார். தர்புகா என்ற அரபு மேளத்தில் மக்ஸூம் தாளம் ‘தும் தக், தக் தும், தக்’ என்று ஓடும்போது கனமான ‘தும்’ இடுப்பில் இறங்குகிறது. கானூன் என்ற தந்தி வாத்தியத்தின் தந்திகள் விடாமல் அதிரும்போது ஷிம்மி என்ற நுண்ணிய நடுக்கம் தொடை முதல் இடுப்பு வரை ஓடுகிறது. தாளம் நின்று, நே என்ற நாணற்குழல் தக்ஸீம் என்ற தாளமில்லாத மனோதர்மப் பகுதியை வாசிக்கும்போது, நம் ஆலாபனையில் மிருதங்கம் மௌனமாக இருப்பதைப் போல இடுப்பு ஓய்ந்து, விலாவும் கைகளும் மட்டும் மெதுவாக நகர்கின்றன. உணவகத்தில் ஒலிபெருக்கியில் ஓடுவது பதிவு செய்த பாட்டு. ஆடுபவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள், வழுக்கும் தரை, இடையில் தட்டோடு வரும் பணியாளர். அவருக்குக் கலைத்திறன் இல்லை என்று அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். எகிப்தியத் திருமணங்களில் பணத்தாளைத் தலைக்கு மேல் தூவிக் கொண்டாடும் வழக்கம் உண்டு. உடலில் செருகுவதை எனக்குத் தெரிந்த கலைஞர்களில் பலர் விரும்புவதில்லை, சிலர் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

தோழியின் வகுப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்பினால், ஆசிரியர் தாளங்களைப் பெயர் சொல்லிக் கற்பிக்கிறாரா, பாட்டின் வரிகளுக்குப் பொருள் சொல்கிறாரா, எகிப்தியக் கலைஞர்களின் ஆட்டத்தைக் காட்டுகிறாரா என்று கேளுங்கள். துக்கப் பாட்டுக்கும் இறைவணக்கத்துக்கும் சிரித்தபடி இடுப்பை ஆட்டும் மேடைகளை மேற்கில் நிறையவே பார்த்திருக்கிறேன்; வரிகளைக் கேட்டறிந்தால் அது நேராது. நீங்களே பார்த்து முடிவு செய்ய வேண்டுமென்றால், தாஹியா கரியோக்காவின் பழைய திரைப்படக் காட்சிகளில் தொடங்குங்கள். அவர் மேடையில் ஓடியாடுவது மிகக் குறைவு, நின்ற இடத்தைச் சுற்றியே பெரும்பாலும் ஆடுவார். அடுத்து சுஹைர் ஜகியைப் பாருங்கள். எகிப்தின் பெரும் பாடகி உம் குல்சூமின் பாடல் இசைக்கு ஆடிப் புகழ்பெற்றவர் அவர். 1964-இல் முகமது அப்தெல் வஹாப் இசையமைத்த ‘இன்த்த உம்ரி’ (அரபியில் ‘நீயே என் வாழ்வு’) பாடலின் நீண்ட முன்னிசையை முதலில் கண்ணை மூடி ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு அதற்கு ஆடியவர்களின் பதிவுகளைத் தேடிப் பார்ப்பது நல்லது.